எப்.ஏ. தேறாத ராமானுஜன்

ஒவ்வொரு வருடமும் பரீட்சை முடிவுகள் வரும் மாதங்களில் எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு விதமான மௌனம் நிலவும். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இவ்வூர்க் குடும்பங்களுக்குப் படிப்பைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் ஏறி பெங்களூருக்குப் போய் உத்தியோகம் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர்களின் பிள்ளைகள் இவர்கள். மார்க் குறைந்தால் வீட்டில் இடி விழுந்தது போலத்தான். அப்படிப்பட்ட வீடுகளில் பெரியவர்கள் உதாரணமாக எடுத்துச் சொல்லும் பெயர்களில் ஸ்ரீநிவாச ராமானுஜனின் பெயரும் ஒன்று. அவரைப் போல் படி என்கிறார்கள். அவர் கல்லூரிப் பரீட்சையில் எத்தனை தடவை தோற்றார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நம் சங்க விழாக்களிலும் அவரைப் பற்றிப் பேசுவோர் ஈரோட்டில் பிறந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுவார்கள். நடுவில் 1904 முதல் 1912 வரை எட்டு வருடங்கள் இருக்கின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த எட்டு வருடங்களைப் பற்றியது.

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தை ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சிறு தொகை ஈட்டினார். வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டும் குடும்பத்தை நடத்தினார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த அந்தச் சிறிய வீட்டின் திண்ணையில்தான் ராமானுஜன் தம் கணக்குகளில் பாதியைப் போட்டிருப்பார். அவ்வீட்டை 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. கும்பகோணம் போகும் அன்பர்கள் அவசியம் பார்க்க வேண்டும். திண்ணை எவ்வளவு சிறியது என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

பள்ளிப் பருவத்தில் அவருக்குத் தோல்வி என்பதே தெரியாது. 1897-ல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தார். டவுன் ஹைஸ்கூலில் மேல் வகுப்பு மாணவர்களுக்கு இருந்த லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தைப் பதின்மூன்று வயதுவாக்கிலேயே முடித்துவிட்டார். 1904-ல் பள்ளியை விட்டு வெளியேறும்போது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. நூற்றுக்கு நூறு என்ற அளவே இந்தப் பையனுக்குப் போதாது என்ற பொருள்பட, தலைமையாசிரியர் கிருஷ்ணஸ்வாமி ஐயர் விழா மேடையிலேயே புகழ்ந்தார் என்று சொல்வார்கள்.

இதற்கு ஒரு வருடம் முன்னால் ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கில ஆசிரியர் தம் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்வதற்காகத் தொகுத்த நூல் அது. சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள் வரிசையாக இருக்கும். நிரூபணம் அநேகமாக இருக்காது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புதான். கணித உலகில் அதைப் பெரிய நூல் என்று யாரும் மதிக்கவில்லை. ராமானுஜனோ ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிறுவிப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து புதியவை பிறந்தன. அவற்றை நோட்டில் எழுதத் தொடங்கினார். விடையை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விடும் பழக்கமும் அந்தப் புத்தகத்திலிருந்தே அவருக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் அது அவருக்குப் பெரிய இடைஞ்சலாயிற்று.

1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் ஸ்காலர்ஷிப்புடன் சேர்ந்தார். ஆங்கிலம், சம்ஸ்கிருதம், உடற்கூறு, கிரேக்க ரோமானிய சரித்திரம், கணிதம் எல்லாவற்றிலும் தேற வேண்டும் என்பது விதி. ராமானுஜன் கணிதத்தைத் தவிர வேறு புத்தகத்தைத் திறக்கவில்லை. சரித்திர வகுப்பிலும் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். ஸ்காலர்ஷிப் போயிற்று. ஒரு பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். கோமளத்தம்மாள் பிரின்சிபாலை நேரில் போய்ப் பார்த்து, இப்படிப்பட்ட கணித மூளையுள்ள பையனுக்கு உதவித்தொகையை மறுக்கலாமா என்று வாதாடினார். பிரின்சிபால் மரியாதையாகப் பேசினாரே தவிர விதியைத் தளர்த்தவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லூரி ராமானுஜனுக்கு அநியாயம் செய்தது என்று எழுதுவது சுலபம். ஆனால் பையன் உண்மையிலேயே தேறவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரே ஒரு பாடத்தில் மலை போல் உயர்ந்து நிற்கும் மாணவனுக்கு இடம் கொடுக்க அந்த ஏற்பாட்டில் வழியே இல்லை என்பதுதான் கோளாறு. அக்கோளாறு இன்றும் முழுவதும் நீங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

1905 ஆகஸ்டில் ஒரு நாள் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது பதினேழு. பெற்றோர் தேடி அலைந்தார்கள்; காணாமல் போன பையனைப் பற்றி ஹிந்து பத்திரிகையிலும் செய்தி வந்தது. திரும்பி வந்தவருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கிடைத்தது. அங்கே கணித ஆசிரியர்கள் அவருடைய நோட்டைப் பார்த்து மலைத்தார்கள். ஆனால் உடற்கூறு பாடம் அவருக்கு வேப்பங்காய். வயிற்றுக்கடுப்பு வந்து சில மாதங்கள் கும்பகோணத்தில் படுத்துவிட்டார். அந்த டிசம்பரில் எப்.ஏ. எழுதித் தோற்றார். மறுவருடம் தனியாக எழுதினார். மீண்டும் தோல்வி. இரண்டு தடவையும் கணிதத்தில் மட்டும் பிரமாதம்.

அத்துடன் கல்லூரிப் படிப்பு தீர்ந்தது. பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை. அந்தக் காலத்தில் நம்மவர் குடும்பங்களில் எப்.ஏ. தவறியவன் என்றால் என்ன மதிப்பு என்பது வயதான அங்கத்தினர்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று பார்த்தார், அதுவும் சரிப்படவில்லை. பாடப் புத்தகத்தில் இரண்டு வரி தாண்டுவதற்குள் அவர் மனம் முடிவிலிக்குப் போய்விடும். பரீட்சைக்குப் படிக்க வந்த பையனுக்கு அது எதற்கு? 1907 முதல் 1909 வரை திண்ணையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுதியதை முழங்கையால் அழித்து அழித்து உட்கார்ந்திருந்த இந்த வாலிபனைத் தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? சிலேட்டு எதற்கென்றால், கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்குக் காகிதம் வாங்க முடியாது. முடிந்த விடை மட்டுமே நோட்டுக்குப் போகும். பிற்காலத்தில் ஒரே காகிதத்தில் ஏற்கனவே எழுதியதன் மேல் சிவப்பு மசியால் எழுதியதும் இதனால்தான்.

தாயார் கல்யாணத்தைப் பண்ணி வைத்தார். 1909 ஜூலையில் ராஜேந்திரம் கிராமத்தைச் சேர்ந்த ஜானகியுடன் விவாகம் நடந்தது. பெண்ணுக்கு அப்போது பத்து வயது இருக்கும். 1910 தொடக்கத்தில் ராமானுஜனுக்கு ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. வீட்டில் காசில்லை. ஒரு டாக்டர் கட்டணம் வாங்காமல் செய்தார்.

உடம்பு தேறியதும் அவர் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவருடைய வாழ்க்கையில் இந்தப் பயணத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கூச்ச சுபாவம் உள்ளவர். முன்பின் தெரியாத பெரிய மனிதர்களின் வாசலில் போய் நின்று, எனக்கு ஒரு குமாஸ்தா வேலை கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. தகுதி என்று காட்டக் கையில் இருந்தது அந்த நோட்டு ஒன்றே.

முதலில் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் இவர்தான். தாலுகா ஆபீசில் ஒரு சின்ன வேலை கிடைத்தால் போதும் என்று ராமானுஜன் கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமஸ்வாமி ஐயர், இவனை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் மேதையைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாகும் என்று நினைத்து, வேலை கொடுக்காமல் சென்னையிலிருந்த நண்பர்களுக்குச் சிபாரிசுக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். வேலை மறுக்கப்பட்டதுதான். ஆனால் அதுவரை அவருக்குக் கிடைத்த மறுப்புகளில் இது வேறு ரகம்.

சென்னையில் பி.வி. சேஷு ஐயர், கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர் மூலமாகவும் வேறு நண்பர்கள் மூலமாகவும் 1910 டிசம்பரில் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். ராவ் கணிதத்தில் ஈடுபாடுள்ளவர். ஆனாலும் முதலில் சந்தேகப்பட்டார். அழுக்கு வேட்டியும் தேய்ந்த நோட்டுமாக வந்திருக்கும் இவன் உண்மையிலேயே கண்டுபிடித்தவனா, எங்காவது பார்த்து எழுதியவனா என்று அவருக்குத் தீர்மானிக்க முடியவில்லை. ஒரு தடவைக்கு மேல் திருப்பி அனுப்பினார். கடைசியாக ராமானுஜன் கடினமானவற்றை ஒதுக்கிவிட்டு, எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விளக்கியபோதுதான் ராவுக்கு வெளிச்சமாயிற்று. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கவலையில்லாமல் ஆராய்ச்சி செய்யச் சாப்பாட்டுக்கு வழி இருந்தால் போதும் என்றாராம். மாதம் 25 ரூபாய் ராவின் சொந்தப் பணத்திலிருந்து வந்தது.

எங்கள் ஊர்ச் சுரங்கத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1880-ல் பங்குதாரர்கள் பணத்தைக் கொட்டித் தோண்டத் தொடங்கினார்கள். மூன்று வருடத்தில் மூலதனம் கரைந்து, மூடிவிடலாமா என்ற நிலை வந்தது. ஜான் டெய்லர் கம்பெனியார் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று, முன்னோர் தோண்டிய பழைய குழிகளுக்கு அடியில் இறங்கிப் பார்த்தபோதுதான் சாம்பியன் படுகை அகப்பட்டது. அப்புறம் நூற்றுப் பதினேழு வருடம் சுரங்கம் நடந்தது. ராமச்சந்திர ராவ் முதல் சந்திப்போடு கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த ஞாபகம் வராமல் இராது.

இக்காலத்தில்தான் ராமானுஜனின் முதல் கட்டுரை அச்சில் வந்தது. இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் 1911-ல் பெர்னோலி எண்களைப் பற்றி எழுதினார். சஞ்சிகையின் ஆசிரியர் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் பேராசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். கர்நாடகத்தில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் பெருமைப்படலாம். ஆனால் கட்டுரை உடனே ஏற்கப்படவில்லை. சுருக்கமாகவும் புரியாமலும் இருக்கிறது என்று அது ஆசிரியருக்கும் ராமானுஜனுக்கும் இடையே மூன்று தடவை போய் வந்த பிறகே அச்சுக்குத் தகுந்த உருவம் பெற்றது. அதே சஞ்சிகையில் அவர் ஒரு புதிரும் போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் கோவை. அதன் மதிப்பு என்ன? சில இதழ்கள் வரை காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3.

பிறர் தயவில் எத்தனை நாள் இருப்பது என்ற கூச்சம் அவரை விடவில்லை. 1912 தொடக்கத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிக வேலை. பிறகு மார்ச் 1-ம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர், நல்ல கணிதப் பயிற்சி உள்ளவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். நடுவில் பத்துப் படிகளைத் தாண்டிப் போய்விடும் ராமானுஜனை நிறுத்தி, மற்றவர்களுக்குப் புரியும்படி ஒவ்வொரு படியையும் எழுது என்று நாராயண ஐயர் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். கணித உலகுக்கு நாராயண ஐயர் செய்த தொண்டு இது. கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் குமாஸ்தாவின் நேரத்தைப் பற்றிக் கெடுபிடி செய்யாமல் ஊக்குவித்தார். ஆபீசில் ராமானுஜன் பொட்டலம் கட்டும் காகிதத்தைத் தேடிப் பொறுக்கிக் கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள்.

சென்னையில் இருந்த வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கும் இவருடைய தகுதியை எடைபோட முடியவில்லை. அதில் அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் மைனஸ் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று எழுதியிருக்கிறார் இவர். படித்தவர்கள் இவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்றுதான் நினைப்பார்கள். அதற்கு ஒரு விசேஷ அர்த்தம் உண்டு, அந்த அர்த்தத்தில் அது சரி என்பது மேலே படித்தவர்களுக்கே தெரியும். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மூலம் லண்டனில் ஹில் என்பவருக்குக் கடிதம் போயிற்று. இவருக்குத் திறமை இருக்கிறது, ஆனால் முடிவிலித் தொடர்களின் படுகுழியில் விழுந்திருக்கிறார், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்ற பொருளில் பதில் வந்தது. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரு பெரிய பேராசிரியர்களுக்கு எழுதினார். இருவரும் உதவ முன்வரவில்லை.

1913 ஜனவரி 16-ம் தேதி மூன்றாவதாக ஹார்டிக்கு எழுதினார். துறைமுக ஆபீசில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருப்பதையும், சர்வகலாசாலைப் படிப்பு இல்லாததையும் மறைக்காமல் சொன்னார். வயதை மட்டும் 23 என்று போட்டிருந்தார்; உண்மையில் 25. கூடவே சுமார் 120 தேற்றங்கள், நிரூபணம் இல்லாமல். ஹார்டி முதலில் இதை ஏதோ ஏமாற்று வேலை என்றே எண்ணினார். ஆனால் அன்று முழுவதும் அது அவர் மனதை விட்டு அகலவில்லை. இரவு லிட்டில்வுட்டை அழைத்து வைத்துக்கொண்டு இருவரும் வரிவரியாகப் பார்த்தார்கள். சில முடிவுகள் ஏற்கனவே தெரிந்தவை. சில கஷ்டப்பட்டால் நிரூபிக்கக் கூடியவை. சில அவர்கள் அதுவரை கண்டதே இல்லை. இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பொய்யாக இட்டுக்கட்டும் கற்பனை எவனுக்கும் கிடையாது என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார். பிப்ரவரி 8-ம் தேதி பதில் எழுதினார்.

அந்தப் பதில் சென்னைக்கு வந்து சேர்ந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுக ஆபீசுக்கு வந்தபோது ஸ்பிரிங் நோட்டுகளைக் காட்டினார். வாக்கர் சர்வகலாசாலைக்கு எழுதினார். மேல்பட்டம் பெற்றவர்களுக்கே ஆராய்ச்சி உதவித்தொகை என்பது விதி. எப்.ஏ. கூடத் தேறாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்ற ஆட்சேபம் எழுந்தது. கடைசியில் விதி வளைந்தது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். 1904-ல் கோமளத்தம்மாள் பிரின்சிபாலிடம் கேட்டுக் கிடைக்காமல் போனது ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்தது.

சீமைக்குப் போவது வேறு பிரச்னை. கடல் தாண்டினால் ஜாதிப் பிரஷ்டம் என்றிருந்த காலம். ஹார்டியின் முதல் அழைப்பை ராமானுஜன் மறுத்துவிட்டார். 1914-ல் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்த நெவில் மறுபடி கேட்டபோது மனம் மாறியிருந்தார். நாமக்கல் சன்னிதியில் மூன்று இரவுகள் தங்கி நாமகிரித் தாயாரின் உத்தரவு பெற்றதாகவும், தாயாரின் கனவில் அனுமதி வந்ததாகவும் குடும்பத்தில் சொல்வார்கள். புறப்படும் முன் தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமியை எடுத்துக் கிராப் வைத்து, கால்சராய் போட்டுக்கொள்வதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்றுதான். 1914 மார்ச் 17-ம் தேதி நெவாசா கப்பலில் ஏறினார்.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கையை அன்பர்கள் பலரும் படித்திருப்பீர்கள் என்பதால் விரிக்கவில்லை. யுத்த காலம், காய்கறிகூடச் சரியாகக் கிடைக்காத ஊரில் தாமே சமைத்துச் சாப்பிட்டார். 1916-ல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. எப்.ஏ. தவறியவர் கேம்பிரிட்ஜ் பட்டதாரியானார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூறுபோட்டுக் கூட்டலாம் என்ற கேள்விக்கு (4 என்றால் ஐந்து விதம்) ஹார்டியுடன் சேர்ந்து ஒரு சூத்திரம் கண்டார். 200 என்ற எண்ணுக்கு விடை பதின்மூன்று இலக்கம் கொண்டது. மக்மேகன் என்பவர் கையால் கணக்கிட்டு வைத்திருந்த எண்ணோடு சூத்திரம் துல்லியமாக ஒத்துப்போயிற்று.

அங்கும் ஏமாற்றம் இல்லாமல் இல்லை. 1917-ல் அவர் கடுமையாக நோயுற்றார். அதே வருடம் டிரினிடி கல்லூரி பெல்லோஷிப்புக்கு அவர் பெயர் வந்தபோது கல்லூரி மறுத்தது. நிற வெறுப்பும் அதில் கலந்திருந்தது. வீட்டிலிருந்து கடிதம் சரியாக வருவதில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லை, மனைவி எழுதியவை அவரை எட்டவில்லை. 1918 தொடக்கத்தில் லண்டனில் உயிரை விட்டுவிடவே முயன்று தற்செயலாகத் தப்பினார். போலீஸ் வரை போன விஷயத்தை ஹார்டி தலையிட்டுத் தீர்த்தார். நம் பத்திரிகைகளில் இதை எழுதத் தயங்குவார்கள். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். சில மாதங்களுக்குள் 1918 மே 2-ம் தேதி அவர் ராயல் சொசைட்டியின் பெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முன்னால் மறுத்த டிரினிடியும் அக்டோபரில் பெல்லோவாக்கியது.

சென்னை சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. 1919 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்தே அவர் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. தமக்கு இவ்வளவு பணம் தேவையில்லை. பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவு போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அனாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் உபயோகிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 32 ரூபாய் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை அல்லவா!

1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கியவர் எலும்பும் தோலுமாக இருந்தார். க்ஷயம் என்று வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலில் ஏற்பட்ட அமீபா நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்று 1994-ல் ஓர் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். அப்படியானால் 1906-ல் பச்சையப்பனில் படிக்கும்போது வந்த வயிற்றுக்கடுப்பே உடம்பில் தங்கிப் பதினான்கு வருடம் கழித்து ஆளைக் கொன்றிருக்கலாம். சேத்துப்பட்டில் படுத்த படுக்கையாகவும் சிலேட்டை விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் இருந்த புதிய சார்புகளைக் கணித உலகம் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. 1920 ஏப்ரல் 26-ம் தேதி காலமானார். வயது 32.

கடல் தாண்டியவர், பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்ற காரணத்தால் ஆசாரமான உறவினர் பலர் அந்திமக் கிரியைக்கு வரவில்லை. இன்று அவர் நம்மவர் என்று மேடையில் சொல்லிக்கொள்ளும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்குக் கை கொடுத்தவர்களில் ராமஸ்வாமி ஐயரும் நாராயண ஐயரும் உண்டு. பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஹார்டியும் நெவிலும் உண்டு. வாசலோடு திருப்பி அனுப்பியவர்களிலும் எல்லாத் தரப்பும் உண்டு.

ஜானகி அம்மாளுக்கு அப்போது இருபத்தோரு வயது. சர்வகலாசாலை மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. சகோதரரோடு சில வருடங்கள் பம்பாயில் இருந்து தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணிக்குத் திரும்பித் துணி தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் தனியாக வாழ்ந்தார். ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, வைக்கவில்லையே என்று முதிய வயதில் அவர் வருத்தப்பட்டதை அறிந்த அமெரிக்கக் கணித அறிஞர் ஆஸ்கியும் மற்றவர்களும் பல நாட்டு அறிஞர்களிடம் பணம் திரட்டினார்கள். கிரான்லண்ட் என்ற சிற்பி வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்தார். அதில் ஒரு பிரதி 1980-களில் திருவல்லிக்கேணி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஜானகி அம்மாள் 1994 ஏப்ரல் 13-ம் தேதி காலமானார்.